பலகை மறைப்பு

ஐம்பத்து நான்கு வயது மனிதன் ஒருவன் பட்டப்பகலில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, லப்டொப்புக்கு முன்னால் ஒரு மணித்தியாலம் உட்கார்ந்திருந்தால் மட்டக்களப்புப் புளியந்தீவில் என்ன நினைப்பார்கள்? அதைத்தான் வோல்ட்டரைப் பற்றியும் நினைத்தார்கள். பக்கத்து வளவுக்காரர் இரண்டொரு தரம் யன்னலால் எட்டிப் பார்த்தும் இருக்கிறார். வோல்ட்டருக்கு அது தெரியும். நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார். உண்மையைச் சொல்வதற்கு அவருக்கு அதைவிட வெட்கமாக இருந்தது.

உண்மை இதுதான்: அவர் அங்கே இருந்து மியூசிக் செய்துகொண்டிருந்தார். வயலினோ மென்டலினோ வாசிக்கிற பறங்கியர் பரம்பரையில் பிறந்தும் ஒரு கம்பியைக்கூட ஒழுங்காகத் தட்டத் தெரியாதவர், மகள் சார்மெயின் டோஹாவுக்கு வேலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன பழைய லப்டொப்பில் மியூசிக் செய்துகொண்டிருந்தார். அக்காவின் மகன் ஷோன் கலியாண வீடுகளுக்குச் சவுண்ட் செற் போடுகிறவன். அவன் ஒருநாள் தன் அவசரத்துக்கு அந்த லப்டொப்பில் ஏதோ ஒரு புரோகிராமை ஏற்றிவிட்டு அழிக்காமல் போய்விட்டான். வோல்ட்டர் திறந்து பார்த்தபோது திரை முழுக்கக் கட்டம் கட்டமாக இருந்தது. கேற்றும் கிறிலும் அடிக்கிற வெல்டருக்குக் கட்டம் தெரியாதா? ஒரு கட்டத்தை அமத்தினால் ஓர் அடி விழுந்தது. ஒன்று விட்டு அடுத்ததை அமத்தினால் இன்னோர் அடி. கிறில் ஒன்று வாய் திறந்து சத்தம் போடுவது போல இருந்தது அவருக்கு. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இரண்டு வருடமாக விடவில்லை.

பிறகு சத்தம் சேர்க்கத் தொடங்கினார். கிறைண்டரை நிற்பாட்டும்போது இறங்கி இறங்கிச் சாகிற ஓசை, இரும்புப் பொக்ஸ் பார் சீமெந்துத் தரையில் விழுகிற ஓசை, கல்லடிப் பாலத்துக்குக் கீழே தோணிகள் ஒன்றோடொன்று முட்டுகிற ஓசை எல்லாம் போனுக்குள் போயின. மட்டக்களப்பென்றால் பாடும் மீன் என்கிறார்களே என்று ஒருநாள் மைக்கைப் பொலித்தீனில் சுற்றி வாவிக்குள் இறக்கியும் பார்த்தார். யாரோ ஒருவருடைய எஞ்சின் தோணியும் தன்னுடைய வயிற்றுப் பொருமலும்தான் பதிவாகியிருந்தன.

காத்தான்குடிச் சரீப் நானா கல்குடாவில் கட்டுகிற விடுதிக்குப் பெரிய கேற் ஒன்றுக்கு ஓடர் கொடுத்திருந்தார். கச்சான் காற்று புழுதியை அள்ளி அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், சொல்லாமல் கொள்ளாமல் பட்டறைக்குள் வந்து நின்றார். வோல்ட்டர் ஒரு கையில் சுத்தியலும் மறுகையில் போனுமாகக் கேற்றின் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

“என்ன வோல்ட்டர், கேற்றுக்கு ஈசிஜி எடுக்கீங்களா?”

“இல்ல நானா, ஒட்டுச் சரியாப் பிடிச்சிரிக்கா எண்டு சத்தத்தில பாக்கன்.”

“பிடிச்சிரிக்கா?”

“ஓம், நல்லாப் பிடிச்சிரிக்கு.”

“அப்ப ஏன் கண்ண மூடிக்கிட்டு நிக்கீங்க?”

வோல்ட்டர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். தூசி விழுந்துவிட்டது என்று கண்ணைக் கசக்கினார்.

அவருடைய மனைவி பட்ரிசியாவுக்கு இந்த விளையாட்டுத் தெரியும். தெரிந்தும் ஒன்றும் கேட்கமாட்டாள். “பெட்டிக்குள்ள பூச்சி கத்துது” என்று மட்டும் எப்போதாவது சொல்வாள். அவளுக்கு அவளுடைய வேலை. காலையில் மா குழைத்து வைத்து, மத்தியானத்துக்குப் பிறகு பற்றிஸ் பொரித்து, நாலரை மணிக்கு இரண்டு தேநீர்க் கடைகளுக்கு அனுப்பவேண்டும். மீனும் கிழங்கும் உள்ளே வைத்து அவள் மடிக்கிற பற்றிஸின் விளிம்பைப் பார்த்தே இது பட்ரிசியாவின் கை என்று சொல்லிவிடுகிற ஆட்கள் ஊரில் இருக்கிறார்கள்.

அதைவிட அதிகம் பேர் முன்பு அவளுடைய குரலைத்தான் அறிந்திருந்தார்கள். கோயில் பாடகர் குழுவில் இருபத்தாறு வருடம் முன்னுக்கு நின்று பாடியவள். இரண்டரை வருடத்துக்கு முன் கழுத்தில் தைரொயிட் கட்டி வந்தது. கட்டி நரம்போடு ஒட்டிக்கொண்டு கிடந்ததாம். உயிருக்குப் பயமில்லாமல் எடுத்துவிட்டார்கள், ஆனால் குரல் பழையபடி வரவில்லை. பேசும்போது கரகரப்பாக இருக்கும், அவ்வளவுதான். பாடும்போது நடுவில் உடைந்துவிடும். மேலே போகவேண்டிய இடத்தில் காற்று மட்டும் வரும்.

அப்படியிருந்தும் அவள் அடுத்த உயிர்த்த ஞாயிறுக்குக் கோயிலில் எழுந்து நின்று தன் பங்கைப் பாடினாள். இரண்டாவது அடியில் குரல் உடைந்தது. முன்வாங்கில் உட்கார்ந்திருந்த இரண்டு பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அன்று மோட்டார்சைக்கிளில் வீட்டுக்கு வரும்போது கல்லடிப் பாலத்தில் வைத்து வோல்ட்டர் சொன்னார்: “இனிப் போகாத பட்ரிசியா. சனம் பாவம் பாக்குது. என்னால அதப் பாத்துக்கொண்டு இரிக்க ஏலா.”

 காற்றுப் பலமாக இருந்தபடியால் பின்னால் இருந்தவளுக்குக் கேட்கவில்லையாக்கும் என்று நினைத்து அதையே இன்னொரு தரமும் சொன்னார். கேட்டிருந்தது. அதற்குப் பிறகு அவள் பாடகர் குழுவுக்குப் போகவில்லை, பின்வாங்கில் போய் வாய் திறக்காமல் இருந்துவிட்டு வருவாள்.

அவர் அதை அன்பினால் சொன்னதாகத்தான் நினைத்திருந்தார். அன்பும் இருந்தது, இல்லையென்று சொல்லமுடியாது. ஆனால் அந்தப் பிள்ளைகள் சிரித்தபோது அவருக்கு முதலில் வந்தது அன்பில்லை. எல்லாரும் தன்னைத் திரும்பிப் பார்க்கப்போகிறார்களே என்ற கூச்சம்தான் முதலில் வந்தது. அன்பு அதற்குப் பின்னால் வந்து, முன்னுக்கு நின்றுகொண்டது.

வீட்டில் அவருடைய மேசைக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு பலகை மறைப்புத்தான். இந்த வருடம் யூலை மாதம் ஒரு பின்னேரம் ஹெட்போனைக் கழற்றிவைத்துவிட்டுக் காதைச் சொறிந்துகொண்டிருந்தபோது, மறைப்புக்கு அந்தப் பக்கம் பட்ரிசியா பாடுவது கேட்டது. எண்ணெய் பொரிகிற சத்தத்துக்கு மேலால் தாழ்ந்த குரலில் பாடினாள். குரல் உடைந்தது. உடைந்த இடத்தில் நிற்காமல் அந்த உடைவுக்குள்ளாலேயே இறங்கி மற்றப் பக்கத்தால் ஏறிப் போனாள். வோல்ட்டர் அசையாமல் இருந்தார். இரண்டு வருடமாகக் கட்டத்துக்குள் அவர் தேடியலைந்த சத்தம் அதுதான் என்று அவருக்குப் பட்டது. எழுந்து போய்ச் சமையலறை வாசலில் நின்றிருக்கலாம். அவர் மறுநாள் மைக்கை எடுத்துப் பலகை இடுக்கில் வைத்தார்.

பதினொரு பின்னேரம் அப்படிப் பதிந்தார். மூன்று மணிக்குப் பட்டறையைப் பூட்டிவிட்டு, பூனைபோல வந்து உட்காருவார். அவளும் மூன்றரைக்குப் பாடத் தொடங்குவாள்.

அவள் பாடியது பறங்கிப் பாசையில். போத்துக்கேயர் போய் எத்தனையோ தலைமுறை கடந்தும் இந்த ஊரின் சில சமையலறைகளில் உயிர் தப்பிக் கிடக்கிற பாசை அது. பட்ரிசியாவின் வீட்டில் எல்லாரும் அதில்தான் பேசிக்கொள்வார்கள். வோல்ட்டரின் தகப்பனார் பிள்ளைகளிடம் அதைப் பேசவிடவில்லை. பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று சொல்லிவிட்டார். அதனால் வோல்ட்டருக்குத் தெரிந்ததெல்லாம் நாலைந்து ஏச்சுச் சொல், சில சாப்பாட்டின் பெயர், செபத்தின் தொடக்கம் ஒன்று, அவ்வளவுதான். அவள் ஏதோ பழைய பாட்டைப் பாடுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். சொல்லைப் பற்றி அவர் யோசிக்கவே இல்லை. சத்தம்தான் வேண்டியிருந்தது.

பதிந்ததை வெட்டி, எண்ணெய்ச் சத்தத்தைக் கழித்து, இரண்டு அடியை மட்டும் பொறுக்கி எடுத்தார். சரீப் நானாவின் கேற்றுக் கம்பிகளில் பறங்கியர் கலியாணங்களில் ஆடுகிற கப்ரிஞ்ஞா ஆட்டத்தின் அடியைப் போட்டு, அதற்குமேல் அந்தக் குரலை விட்டார். குரல் உடைகிற இடத்தை மட்டும் தனியாக எடுத்துத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். கேட்டபோது அவருக்கே கண் கலங்கிவிட்டது. தன் வாழ்நாளில் செய்ததிலேயே நல்ல வேலை இதுதான் என்று நினைத்தார். அடித்த கேற்றெல்லாம் வாவிக் காற்றில் கறள் பிடித்துப் போய்விடும்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஸ்பீக்கர் வைக்கிற தாங்கி ஒன்று ஒட்டுவதற்காக ஷோன் வந்தான். வெல்டிங் முடிந்தது, பிளேன்ரீ குடித்தாயிற்று. அவன் எழும்பப் போகும்போது வோல்ட்டருக்கு ஆசை அடக்கமுடியவில்லை.

“மகன், இத ஒருக்காக் கேட்டுப்போட்டுப் போ.”

ஷோன் ஹெட்போனை மாட்டினான். முதலில் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். பிறகு கால் தாளம் போட்டது.

“அங்கிள், இது நீங்க செஞ்சதா?”

“ஓம்.”

“உண்மையாவா? ஆரு இந்தப் பாட்டுப் படிக்கிற ஆள்?”

வோல்ட்டர் மறைப்புப் பக்கம் ஒருதரம் பார்த்தார். “இன்ரநெற்றில எடுத்தது.”

அவருக்கு அந்தப் பொய் சிரமமில்லாமல் வந்தது. கிம்பர்லியின் கலியாணத்துக்கு இதைப் போடுகிறேன் என்று ஷோன் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு போனபோதும் அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. என் பெயரைச் சொல்லாதே என்று மட்டும் சொன்னார். சொல்லமாட்டானா என்று உள்ளுக்குள் ஓர் ஆசையும் இருந்தது. வெட்டி ஒட்டின குரல், அதுவும் பிட்ச் கொஞ்சம் இறக்கி வைத்த குரல், யாருக்கு அடையாளம் தெரியப்போகிறது என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டார்.

கிம்பர்லி, பட்ரிசியாவின் தாய்மாமன் லெஸ்டரின் மகள். கலியாணம் ஆவணி மாதம் ஒரு சனிக்கிழமை. கோயிலில் ஆசீர்வாதம் முடிந்து பறங்கியர் சங்க மண்டபத்துக்கு வரும்போது இரண்டு மணியாகிவிட்டது. காற்றாடிகள் வெக்கையைத்தான் சுற்றிச் சுற்றி அடித்தன. மஞ்சள் சோறும் கோழிக் கறியும் சாப்பிட்டு, லவ் கேக்கைக் கடதாசியில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு, பெண்கள் ஒரு பக்கமாக இருந்தார்கள். பட்ரிசியா கழுத்துத் தழும்பை மறைக்கிற மாதிரி ஒரு சால்வை போட்டிருந்தாள். நீல உடுப்பு. வோல்ட்டருக்கு அவள் நல்ல வடிவாகத் தெரிந்தாள். அதையும் அவர் சொல்லவில்லை.

லெஸ்டரும் இன்னும் இரண்டு பேரும் வயலினும் றபான் மேளமும் வைத்துக்கொண்டு பழைய ஆட்டம் இரண்டு வாசித்தார்கள். பிறகு ஷோன் தன்னுடைய பெட்டியைத் தொடங்கினான். நாலைந்து பாட்டுக்குப் பிறகு மைக்கைக் கையில் எடுத்தான்.

“இப்ப வாறது ஒரு புது ஐற்றம். செஞ்சது ஆரு தெரியுமா? நம்மட வெல்டிங் வோல்ட்டர் அங்கிள்.”

எல்லாரும் திரும்பினார்கள். வோல்ட்டர் கதிரையிலிருந்து பாதி எழும்பி, தலையைக் குனிந்து, நெஞ்சில் கையை வைத்தார். பிற்பாடு அந்த நெஞ்சில் கை வைத்ததை நினைக்கும்போதெல்லாம் அவருக்குக் காது சூடாகும்.

கேற்றுக் கம்பிகள் அடித்தன. இளம் பிள்ளைகள் உடனே எழும்பி ஆடத் தொடங்கிவிட்டார்கள். பின் குரல் வந்தது. அந்தப் பெரிய ஸ்பீக்கரில் அது இறங்கிய விதத்தைக் கேட்டு வோல்ட்டருக்கு உடம்பு புல்லரித்தது. அப்போதுதான் கவனித்தார். வயதான ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஆட்டத்தை விட்டுவிட்டு நின்றார்கள். ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒரு கிழவர் தொடையில் தட்டிச் சிரித்தார். பிறகு அவர்கள் எல்லாருமாக வோல்ட்டரைப் பார்த்துக் கை தட்டத் தொடங்கினார்கள். ஒரே சீராக, எதையோ கேட்கிற தட்டு. வோல்ட்டர் இன்னொரு தரம் தலை குனிந்து வணங்கினார்.

லெஸ்டர் வந்து அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

“என்னடா கும்புடுறா? உன்னத்தான் கேக்காங்க. மறுத்தான் சொல்லு.”

“என்னத்துக்கு மறுத்தான்?”

“பாட்டுக்குத்தான். ஒரு ஆள் ரெண்டு அடி பாடி மற்றவன நக்கலாப் பிடிச்சா, அவன் மறுத்தானா ரெண்டு அடி திருப்பிப் பாடணும். கலியாண வீட்டில நாங்க செய்யிறதுதானே. நீ சின்னதில பாக்கலியா?”

“பாத்தன். ஆனா இது என்னப் பிடிக்கிற பாட்டா?”

லெஸ்டர் அவரை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். “வோல்ட்டர், உனக்கு இந்தச் சொல்லு விளங்கல்லியா?”

“இல்ல அங்கிள்.”

“விளங்காமலா போட்டா?”

“சத்தம் நல்லா இரிந்திச்சு.”

லெஸ்டர் குரலைத் தாழ்த்தினார். அந்த இரைச்சலில் தாழ்த்தத் தேவையே இல்லை, ஆனாலும் தாழ்த்தினார். “கழுத்த வெட்டித் தைச்சவன் ஆஸ்பத்திரியில இரிக்கான். வாயச் சேத்துத் தைச்சவன் வீட்டில இரிக்கான். இதுதான் பாட்டு. இது பட்ரிசியாட குரல்தானே? அவட அம்மாவும் இப்பிடித்தான் கடைசிச் சொல்ல இழுப்பா.”

ஸ்பீக்கரில் குரல் அந்த உடைகிற இடத்துக்கு வந்து, வெட்டி ஒட்டின இடத்தில் சுற்றிக்கொண்டு நின்றது. வீட்டில இரிக்கான், வீட்டில இரிக்கான், வீட்டில இரிக்கான் என்றே இப்போது அவருக்குக் கேட்டது. பதினாறு தரம். பதினாறு தரம் சுற்றவேண்டும் என்று கட்டத்தை எண்ணிப் போட்டவர் அவரேதான். இளம் பிள்ளைகள் ஒன்றும் விளங்காமல் அதற்குச் சேர்ந்து கத்தி ஆடினார்கள். விளங்கியவர்கள் கை தட்டுவதை மெல்ல மெல்ல விட்டார்கள். அவர்களுக்கும் இது விளையாட்டில்லை என்று தெரிந்துபோயிற்று.

வோல்ட்டர் பெண்கள் பக்கம் பார்த்தார். பட்ரிசியா சாப்பாட்டுக் கோப்பையைக் கதிரைக்குக் கீழே வைத்தாள். சால்வையைச் சரிசெய்தாள். யாரையும் பார்க்காமல், சுவர் ஓரமாக நடந்து, வாசலால் வெளியே போனாள். வெளியே ஓட்டோ ஒன்று ஸ்ரார்ட் பண்ணுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம்கூட அவருக்குத் துல்லியமாகக் கேட்டது, அதுதான் கொடுமை.

அவர் உடனே அவளுக்குப் பின்னால் போகவில்லை. போகப் பயமாக இருந்தது. மோட்டார்சைக்கிளை எடுத்து வாவிக்கரை வீதியால் இரண்டு தரம் மேலும் கீழும் ஓடினார். தெரிந்தவர்கள் கை காட்டினார்கள். எல்லாருக்கும் தெரிந்துவிட்டது போலவே இருந்தது. வீட்டுக்கு வந்தபோது பட்ரிசியா உடுப்பு மாற்றிவிட்டு, அடுத்த நாள் பற்றிஸுக்குக் கிழங்கு அவித்துக்கொண்டிருந்தாள்.

மூன்று நாள் அவள் தேவைக்குமேல் ஒரு சொல் பேசவில்லை. சோறு போட்டாள், தேத்தண்ணி வைத்தாள். மூன்றரை மணிக்கு எண்ணெய்ச் சத்தம் மட்டும் கேட்டது. வோல்ட்டர் ஹெட்போனைத் தொடவில்லை. பட்டறையில் கண்ணாடி போட மறந்து கிறைண்டரைப் பிடித்ததில் பொறி பறந்து இமையில் பட்டது. நோவு அவருக்கு ஒருவிதத்தில் ஆறுதலாக இருந்தது. தேவாலயத்தில் நாலு பேர் அவளைப் பார்த்ததைத் தாங்காமல் வாயை மூடச் சொன்ன மனிதன், அவள் தனக்கென்று முணுமுணுத்ததைக் களவெடுத்து நூற்றைம்பது பேருக்கு முன் போட்டிருக்கிறான். எந்தப் பக்கத்தால் புரட்டிப் பார்த்தாலும் அதில் தனக்குச் சாதகமாக ஒன்றும் அகப்படவில்லை.

நாலாம் நாள் காலை, அவள் கோபமாவது பட்டுத் தொலையட்டும் என்று லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போனார். பட்ரிசியா நிலத்தில் சாக்கை விரித்து, சுளகில் கூனி இறால் பரப்பித் தூசு பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் அவளுக்கு முன்னால் சம்மணம் கொட்டி உட்கார்ந்தார்.

“இத உனக்கு முன்னால அழிக்கப் போறன். ஷோனிட்டயும் சொல்லிட்டன்.”

“என்னத்த அழிக்கப் போறீங்க?”

“எல்லாத்தையும். உன்ட குரல் இரிக்கிற எல்லாத்தையும்.”

“எத்தின நாள் எடுத்தீங்க?”

“பதினொரு நாள்.”

“பன்ரெண்டு” என்றாள். “முதல் நாள் நீங்க மைக் வைக்கல்ல. சும்மா இரிந்து கேட்டீங்க.”

வோல்ட்டர் லப்டொப்பிலிருந்து கையை எடுத்துவிட்டார். “உனக்குத் தெரியுமா?”

“பலகைக்கு அங்கால கதிர கிரீச் எண்டா, இடுக்கில மைக் உரசினா எனக்குக் கேக்காதா? எனக்குப் போனது தொண்ட. காது இல்ல.”

“தெரிஞ்சும் பாடினியா?”

“தெரிஞ்சபடியாத்தான் பாடின.” அவள் சுளகிலிருந்து ஒரு சின்னச் சிப்பியைப் பொறுக்கி எறிந்தாள். “அழிக்கிறதுக்கு முதல் போடுங்க பாப்பம். வெட்டினத இல்ல. எடுத்தபடி, முழுசா.”

அவர் தேடி எடுத்து, ஹெட்போன் இல்லாமல், லப்டொப்பின் சின்ன ஸ்பீக்கரிலேயே ஓடவிட்டார். எண்ணெய் பொரிந்தது. பட்ரிசியாவின் குரல் வந்தது, இரண்டு அடி. பிறகு குரல் நின்றுவிட்டது. வெறும் எண்ணெய்ச் சத்தம் கனநேரம் போனது. பிறகு வேறு இரண்டு அடி. மறுபடி எண்ணெய். வோல்ட்டர் இந்த இடங்களையெல்லாம் உதவாததென்று வெட்டி எறிந்திருந்தார்.

“இந்த ரெண்டு அடியும் என்ன?”

“என்ட வீட்டுக்காரன் இரும்பு தட்டினாலும் காது குடுக்கான். நான் தட்டினா ஆருமில்லாத வீடாம்.”

“இது?”

“அது வேணாம். அது கொஞ்சம் மோசமான பாட்டு.” அவளுடைய வாயின் ஓரம் அசைந்ததா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. “ஒவ்வொரு பாட்டுக்கும் பிறகு நிப்பாட்டி இரிக்கனே, கேட்டீங்களா? அது மூச்சு வாங்கிறதுக்கு இல்ல. அவ்வளவு நேரம் ஆருக்கும் மூச்சு வாங்கத் தேவல்ல.”

“பிறகு?”

“உங்கட மறுத்தானுக்கு விட்ட இடம்.”

வோல்ட்டர் திரையைப் பார்த்தார். குரல் வருகிற இடமெல்லாம் கறுப்பாகத் திரண்டும், நடுவில் அவள் விட்ட இடமெல்லாம் மெல்லிய கோடாகவும் தெரிந்தன. பன்னிரண்டு நாள் அவள் கேட்டுக்கேட்டு நின்றிருக்கிறாள். அதில் பதினொரு நாளும் அவர் மறைப்புக்கு இந்தப் பக்கம் மூச்சை அடக்கிக்கொண்டு, பதிவு கெட்டுப்போகாமல் இருக்க வேண்டுமே என்று கும்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்.

“எனக்கு விளங்கல்ல பட்ரிசியா. அந்தப் பாசை எனக்குத் தெரியா.”

“தெரியாட்டி வந்து கேக்கிறதுதானே. நடுவில கதவு பூட்டியா கிடந்திச்சு? ஒரு எட்டு வந்து, என்னகா பாடுறா எண்டு கேட்டிரிந்தா நான் சொல்லியிரிப்பன்.” அவள் கை பொறுக்குவதை நிறுத்தியது. “உங்களுக்குப் பாடினத நீங்க ஊருக்குப் போட்டீங்க. அதுதான் எனக்கு. சிரிச்சாங்களே எண்டு இல்ல. சிரிப்பு எனக்குப் பழகிட்டு.”

“அந்தக் குரல் எனக்குப் பிடிச்சிரிந்திச்சு” என்றார். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. “உடையிற இடம்தான் கூடப் பிடிச்சிரிந்திச்சு.”

“பிடிச்சா எனக்கெல்லுவா சொல்லணும்? பெட்டிக்குச் சொன்னா எனக்கு எப்பிடித் தெரியும்? நான் ரெண்டு வருசமா நினைச்சிக்கிட்டு இரிக்கன், என்ட குரல் கேட்டா உங்களுக்கு அருவருப்பு எண்டு.”

அவர் இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். கோயில் முன்வாங்கு ஞாபகம் வந்தது. பொய் சொல்ல முடியவில்லை.

“அண்டைக்கு வெக்கமாத்தான் இரிந்திச்சு” என்றார். “பாலத்தில வச்சு நான் சொன்னது உனக்காக இல்ல. எனக்காக.”

“தெரியும்.”

பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. குரல் இன்னும் இரண்டு அடி பாடி நின்றது. அந்த வெறும் இடம் மறுபடி வந்தது. எண்ணெய் பொரிந்துகொண்டேயிருந்தது. பட்ரிசியா நிமிர்ந்து அவருடைய முகத்தைப் பார்த்தபடி இருந்தாள்.  இடம் கடந்து போய், அடுத்த பாட்டு வந்தது. கழுத்த வெட்டித் தைச்சவன் என்கிற அந்தப் பாட்டு. இப்போது அவருக்கு அதன் சொல் விளங்கியது. அது முடிந்து எண்ணெய்ச் சத்தம் தொடங்கியதும் அவர் சொன்னார்:

“ஓம். நான்தான் தைச்ச.”

“பேசினா எடுபடாது. பாடணும்.”

“எனக்குப் பாட வராது. உனக்குத் தெரியும்தானே. என்ட குரல் கழுதைக் குரல்.”

“தெரியும்” என்றாள் பட்ரிசியா. சுளகை இறக்கி வைத்துவிட்டு எழுந்தாள். வீதிப் பக்க யன்னலின் இரண்டு கதவையும் முழுக்கத் திறந்து கொளுக்கி போட்டாள். காற்றும் புழுதியும் உள்ளே வந்தன. வெளியே பக்கத்து வளவுக்காரர் வேலியோரம் நின்று பல் தீட்டிக்கொண்டிருந்தார். மீன்காரர் ஒருவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். அவள் லப்டொப்பைத் தன் பக்கம் திருப்பி, பாட்டை மறுபடி தொடக்கத்துக்குக் கொண்டுபோனாள். அந்த யந்திரத்தில் அவளுக்கு அவ்வளவு தெரியும் என்று அவருக்கு இதுவரை தெரியாது.

“தமிழிலயே பாடுங்க. றோட்டுக்குக் கேக்கணும்.”

இரண்டு அடி முடிந்து, இடம் வந்தது. வோல்ட்டர் கண்ணை மூடினார். பிறகு திறந்துகொண்டார். தைச்சவன் நான்தான், ஊசியும் நூலும் என்ட வெக்கம்தான் என்று பாடினார். முதல் சொல்லிலேயே சுருதி எங்கேயோ போய்விட்டது. இரண்டாவது அடியில் குரல் பிளந்து, கீச்சென்று ஏறி, தொண்டைக்குள் அடைத்துக்கொண்டது. முகமும் கழுத்தும் எரிந்தன. வேலிக்கு அங்கால் பல் தீட்டுகிற சத்தம் நின்றது. மீன்காரர் சைக்கிளை நிறுத்தி, யன்னலுக்கு நேரே வந்து நின்று பார்த்தார். யாரோ ஒரு பெண் சிரிப்பது கேட்டது.

பட்ரிசியா சிரிக்கவில்லை. பாவமும் பார்க்கவில்லை. பாட்டை மறுபடி தொடக்கத்துக்குக் கொண்டுபோனாள்.

“ரெண்டாவது அடியில நிண்டுட்டீங்க” என்றாள். “உடைஞ்சா நிக்கப்படாது. திரும்பப் பாடுங்க.”